தட்டச்சு செய்த பழைய தாள்களைக் கலைப்பொருள் போலக் கண்காட்சியில் வைக்கிறார்களே, ஏன்?

சோவியத் காலத்தில் அச்சகங்கள் எல்லாமே அரசின் பிடியில் இருந்தன. அதனால் ‘சமிஸ்தாத்’ என்ற சுயவெளியீட்டில் இறங்கியவர்கள் மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து, விசையை ஓங்கி அடித்துத் தட்டச்சு செய்தார்கள். கடைசிப் பிரதியில் எழுத்து மங்கித்தான் விழும். அதையும் விடமாட்டார்கள். வாங்கிப் படித்தவர் இன்னும் சில பிரதிகள் அடித்துக் கைமாற்றுவார். என்னைக் கேட்டால், இத்தனை கைகளின் உழைப்பு தெரிகிற அந்த மங்கல் எழுத்தே கலைதான்.

1968-இல் மாஸ்கோவில் தொடங்கிய ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ என்ற சமிஸ்தாத் இதழ், அரசை எதிர்த்துப் பேசியவர்கள்மீதான கைதுகளையும் வழக்குகளையும் ஆரவாரமில்லாமல் பதிவுசெய்தது. தகவலில் தப்பு வந்தால் பின்னர் திருத்தமும் போட்டது. பொய்ச்செய்தி நடுவே இந்த நேர்மைதான் பெரிய அரசியல் வேலை. அதன் முதல் ஆசிரியர், கவிஞர் நத்தாலியா கொர்பனேவ்ஸ்கயா 1969-இல் கைதாகி, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அப்புறமும் இதழ் நிற்கவில்லை. 1980-களின் தொடக்கம்வரை வந்தது. இப்படிப்பட்ட தாள்களை ஜெர்மனியின் பிரெமன் நகரில் ஒரு பல்கலைக்கழகக் காப்பகம் பாதுகாத்து வருகிறது.