கீழறை ஈரமும் உறுமியின் தோலும்

கேள்வி: கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில், சரிவில் கட்டப்பட்ட வீடு எங்களுடையது. சாலை மட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் என் மகனின் உறுமி மேளக் குழுவினர் வாத்தியங்களை வைத்திருக்கிறார்கள். தோலில் பூசணம் பிடிப்பதால், நாளொன்றுக்கு 20 லிட்டர் நீர் எடுக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த டிஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் கருவி, ஒன்றை வாங்கினோம். ஈப்போவில் என் தங்கை வீட்டில் இருக்கும் அதே கருவியின் தொட்டி தினமும் நிரம்புகிறது. எங்களுடையதில் பாதிகூடச் சேர்வதில்லை. மண்ணை ஒட்டிய சுவரின் அடியில் வெள்ளை மாவு உதிர்வதும் நிற்கவில்லை. நான் ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகி, ரிங்லெட்

பதில்: இல்லை, அம்மா. பெட்டியில் உள்ள அந்த 20 லிட்டர், பெரும்பாலும் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் அளந்த கணக்கு. அத்தகைய காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதே 80 விழுக்காடு ஈரப்பதத்தில் 20 டிகிரிக் காற்றில் 14 கிராம்தான் இருக்கும். எனவே ஈப்போவின் புழுக்கத்தில் நிரம்பும் தொட்டி உங்கள் மலைக்குளிரில் பாதியோடு நிற்பதில் வியப்பில்லை. கம்ப்ரஸர் வகைக் கருவி, காற்றைக் குளிர்ந்த சுருள்மீது செலுத்தி நீரைச் சொட்ட வைத்து, பிறகு அதே காற்றைச் சூடான சுருள் வழியாக வெளியே விடுகிறது. அறை 15 டிகிரியை நெருங்கும் இரவுகளில் குளிர்ச்சுருளில் பனி படிய, கருவி நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு அதை உருக்கிக்கொண்டிருக்கும். ஆகவே இரவைவிடப் பகலில் ஓட விடுவதே உங்கள் ஊருக்கு ஆதாயம்.

ஆனால் எனக்குக் கவலை தருவது தொட்டியன்று, அந்த வெள்ளை மாவுதான். மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் வழியே ஊறி உள்ளே வந்து, காற்றில் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் உப்பு அது. அப்படி ஊறும் சுவர் இருக்கும்வரை, எத்தனை லிட்டர் கருவி வைத்தாலும் மலையையே உலர்த்த முயல்வதுபோல் மின்சாரம்தான் செலவாகும். 300 வாட் கருவி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட் ஆகிறது.

ஐயம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். சுவரில் ஒரு முழம் அகலமுள்ள இடத்தைத் துணியால் துடைத்து, அதன்மேல் தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில், நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்து, உள்ளே உலர்ந்திருந்தால், வெளிக்காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கிறது. அதைக் கருவி சமாளிக்கும்.

முதல் விடை கிடைத்தால், அடுத்த மழையின்போது குடையோடு வீட்டின் மேற்புறம் சென்று பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் கொட்டுகிறதா, நாம் லோங்காங் என்று சொல்லும் வடிகாலில் விரிசலோ இலைக்குப்பையோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி அங்கேதான் அகப்படுவார். உட்சுவரில் எண்ணெய்ப் பெயின்ட் அடித்து மறைப்பது வேண்டாம். என் சொந்த வீட்டில் அந்தத் தவறைச் செய்தேன். ஊறிய நீர் வெளியேற வழியின்றி, பூச்சு அப்பளம்போல் உப்பி உரிந்தது.

உறுமிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஈரத்தில் தோல் தளர்ந்து நாதம் மந்தமாகும் என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அதற்காக அளவுக்கு மீறி உலர்த்தினால் தோல் இறுகி வெடிக்கக்கூடும். கருவியை 55 விழுக்காட்டில் வைத்தால் போதும்; 60-க்கு மேல் போனால்தான் பூசணத்துக்குக் கொண்டாட்டம். கருவி ஓடும்போது கதவு, சன்னல்களை மூடிவையுங்கள். அதிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று நேராகத் தோலில் படாமலும், வாத்தியங்கள் சுவரைத் தொடாமல் பலகைமேல் இருக்குமாறும் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி காட்டும் எண்ணை நம்பலாமா என்றறிய, தனியாக ஒரு சிறு ஈரப்பதமானி வாங்குங்கள். பாட்டில் மூடியில் உப்பைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஓர் இரவு வைத்தால், அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி அது சொல்வதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொட்டியில் சேரும் நீரைக் குடிக்கலாமா?
– ஒரு வாசகர், தாப்பா

பதில்: கூடாது. சுருளின் தூசியும் கிருமியும் அதில் கலந்திருக்கும். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். ஊருக்குப் போகும்போது தொட்டியைக் கவிழ்த்து உலர்த்திவிட்டுச் செல்லுங்கள். தேங்கிய நீர் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் கிடந்தாலே ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.