இரண்டு சில்வியஸ், ஒரு மார்பெலும்பு

கேள்வி: மூளையின் பக்கவாட்டில் உள்ள ஆழமான பள்ளத்தைச் ‘சில்வியஸ் பிளவு’ என்று படிக்கிறோம். உடற்கூறியல் மேதை வெசாலியஸின் ஆசிரியர் பெயரும் சில்வியஸ். இருவரும் ஒருவரா? (தாதிமை மாணவி, உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லை. பிளவுக்குப் பெயர் தந்தவர் பிரான்சிஸ்கஸ் சில்வியஸ் (1614–1672), நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1530களில் பாரிசில் வெசாலியஸுக்குப் பாடம் சொன்னவர் யாக்கோபஸ் சில்வியஸ் (1478–1555). வட பிரான்சில் அமியான் பக்கத்துக்காரர். இயற்பெயர் ஜாக் துபுவா. ‘துபுவா’ என்றால் ‘காட்டுக்காரர்’. லைடன்காரரின் குடும்பப் பெயருக்கும் அதே பொருள். அக்காலப் படிப்பாளிகள் தம் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்வது வழக்கம். லத்தீனில் ‘சில்வா’ என்றால் காடு. ஆகவே இருவருமே சில்வியஸ் ஆனார்கள்.

கேள்வி: யாக்கோபஸ் சில்வியஸ் தன் மாணவர் வெசாலியஸையே பைத்தியக்காரன் என்று ஏசியவராமே? அவரை ஏன் இன்னும் நினைக்க வேண்டும்? (வாசகர், தோ பாயோ)

பதில்: ஏசியது உண்மை. 1551ல் வெசாலியஸுக்கு எதிராக எழுதிய மறுப்பு நூலின் தலைப்பிலேயே ‘வெசாலியஸ்’ என்ற பெயரைத் திரித்து, ‘பித்துப் பிடித்தவன்’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லாக்கினார். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்போது தசைகளுக்குப் பெரும்பாலும் எண்தான்: இந்த உறுப்பை அசைப்பதில் முதலாவது, இரண்டாவது என்று. ஓர் ஆசிரியர் மேலிருந்து எண்ணுவார், இன்னொருவர் இரண்டு தசைகளை ஒன்றாகக் கணக்கிடுவார். ஒருவரின் ஐந்தாவது தசை மற்றவருக்கு நான்காவதாகிவிடும். சில்வியஸ் பல தசைகளுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் பெயரே வைத்தார். அவர் இறந்த 1555ல் வெளிவந்த உடற்கூற்று நூலில் அவை உள்ளன. பல இன்றும் வழக்கில் இருக்கின்றன. 1531லேயே பிரெஞ்சு மொழிக்கு இலக்கணம் எழுதி அச்சிட்டவர் அல்லவா, சொல்லின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் சறுக்கியது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் மீதிருந்த பக்தியில். மார்பெலும்பு ஏழு துண்டு என்றார் கேலன். அவர் அறுத்துப் பார்த்தவை குரங்கு, பன்றி போன்ற விலங்குகள். குரங்கின் மார்பெலும்பு பல துண்டுகளாகவே இருக்கும். மனிதனுக்கு மூன்றுதான் என்றார் வெசாலியஸ். சில்வியஸோ, முன்னோர்களின் மார்பு பெரியது, பிற்காலத்தில் மனித உடல் குறுகிவிட்டது என்று வாதாடினார். கண்முன் கிடந்த எலும்பைவிட ஏடு பெரிதாகப் போனது. எனக்கு இதில் கோபத்தைவிட வருத்தமே அதிகம்.

உட்லண்ட்ஸ் மாணவி இதைத் தம் மார்பிலேயே தொட்டுப் பார்க்கலாம். தொண்டைக்குக் கீழுள்ள குழியில் விரலை வைத்து நேரே கீழே இறக்குங்கள். சுமார் 5 செ.மீ. தள்ளி ஒரு குறுக்கு மேடு தட்டுப்படும். மேல் துண்டும் நடுத் துண்டும் சேருமிடம் அது. மூன்றாவது துண்டு அடியில் இருக்கும் சிறு முனை. மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டாவது விலா எலும்பு. அதற்குக் கீழே, விலா எலும்புகளுக்கு இடையிலான இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு இறங்கினால் நான்காவது. இதயத்தின் மின்னோட்டத்தை வரையும் இசிஜி சோதனையில், மார்பில் ஒட்டும் முதல் மின்முனையான வி1ஐ மார்பெலும்பின் வலது ஓரத்தில் அங்கேதான் ஒட்ட வேண்டும். காறை எலும்பை முதல் விலா என்று எண்ணித் தொடங்கினால் மின்முனை ஓர் இடைவெளி மேலே போய்விடும். அப்போது இசிஜி வரைபடம், உண்மையில் இல்லாத கோளாறு இருப்பதாகக் காட்டக்கூடும்.