கனவும் நாலு நம்பரும்

கேள்வி: காலமான அப்பா ஃபெர்ரியைத் தவறவிடுவதாகவே அடிக்கடி கனவு. சித்தி அதை வைத்து லாட்டரிக்கு நாலு நம்பர் எடுக்கச் சொல்கிறார்; மனநல ஆலோசகர் கனவை எழுதி வரச் சொல்கிறார். இதெல்லாம் வைத்தியமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆலோசகர் சொல்வது வைத்தியம்தான், அம்மா. கனவில் ஃபெர்ரி வந்தால் இதுதான் பலன் என்று அவர் சொல்லமாட்டார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு காலத்திலிருந்தே கேள்வி வேறு: அந்தப் படகைப் பார்த்ததும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது? அப்பாவின் டிபன் கேரியரா, சொல்லாமல் விட்ட வார்த்தையா? பேச்சு அங்கே தொடங்கும். கெட்ட கனவே திரும்பத் திரும்ப வந்தால் இன்னொரு முறையும் உண்டு. பகலில் முடிவை மாற்றி எழுதி, தினமும் 10, 20 நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. அப்பா ஏறி, எதிர்க்கரை ஜார்ஜ்டவுனில் இறங்கி, நாசி கண்டார் சோற்றுக் கடைக்கே போகட்டுமே! நோட்டுப் புத்தகம் தலையணை அருகில் இருக்கட்டும். எழுந்ததும் கைப்பேசியைத் தொட்டால் பாதிக் கனவு போய்விடும். சித்தியிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.