ஐந்து நாள் கதிர்வீச்சு போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. மேசன் வேலையும் கூரை வேலையும் செய்தவர். நெஞ்சில் நீர் கட்டியதால் பரிசோதித்தபோது, நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எனத் தெரியவந்தது. வலப்பக்க விலா நோவுக்கு ஐந்து நாள் மட்டும் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார் டொக்டர். தொண்டைப் புற்றுநோய் வந்த மாமாவுக்கு ஏழு வாரம் கொடுத்துச் சுகமானது. அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா? சிகிச்சை நாட்களில் பேரப்பிள்ளை அவர் மடியில் இருக்கலாமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கைவிடவில்லை, மகள். மாமாவுக்கு வந்தது ஓரிடத்தில் நின்ற கட்டி. அதைக் குறிவைத்து வாரக்கணக்கில் பெரிய அளவு கொடுக்க முடியும். அப்பாவின் நோயோ புடைச்சவ்வு எனப்படும் அந்த நுரையீரல் உறை நெடுகப் படர்ந்து நுரையீரலைப் போர்த்திருப்பது. அது முழுவதையும் அழிக்கும் அளவுக்குக் கதிர் பாய்ச்சினால், உள்ளே இருக்கும் நுரையீரலும் அருகிலுள்ள ஈரலும் இதயமும் முள்ளந்தண்டு வடமும் தாங்கமாட்டா.

அதனால்தான் நோவெடுக்கும் இடத்தை மட்டும் ஸ்கானில் குறித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். வழமையான ஓர் அளவு, ஐந்து தடவையில் மொத்தம் 20 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). பிரித்தானியாவில் இதே அளவைப் பெற்றவர்களைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில், ஐந்து வாரங்களின் பின் மதிப்பிடப்பட்ட 30 பேரில் 14 பேருக்கு நோவு தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழப் பாதிப்பேர், நிச்சயமில்லைதான், ஆனால் இரவில் நித்திரை கொள்ள முடியாத ஒருவருக்கு இது முயன்று பார்க்க வேண்டிய சிகிச்சை என்றே சொல்வேன். ஆயுளைக் கூட்டும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையை அவர் உடல் தாங்குமா என்பதை டொக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

முதல் ஓரிரு நாள் நோவு கூடலாம். களைப்பும் தோல் சிவப்பும் வரலாம். குணம் தெரிய வாரங்கள் எடுக்கும் என்பதால், டொக்டர் சொல்லாமல் நோவு மருந்தை நிறுத்தாதீர்கள். மோர்பின் குடித்தால் கடைசிக் கட்டம் என்று நம் ஊர்களில் பலர் பயந்து, ஆளை நோவோடு கிடக்க விடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

நெஞ்சில் நீர் எடுத்த துவாரத்தில் நோய் முளைக்காதிருக்க முன்கூட்டியே கதிர்வீச்சு கேட்கவும் தேவையில்லை. 203 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, அதனால் குறிப்பிடத்தக்க பயனில்லை என்று காட்டியது. அங்கே கட்டி தட்டுப்பட்டால் காட்டுங்கள்.

இக்கதிர் வெளியே நிற்கும் இயந்திரத்திலிருந்து வருவது, உடலில் தங்குவதில்லை. பேரப்பிள்ளை தாராளமாக மடியில் இருக்கலாம்.

கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸின் தூசியைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே இந்நோய் பெரும்பாலும் வெளிப்படும். வீட்டில் வேறு யாரும் கூரை வேலைக்குப் போனால், அஸ்பெஸ்டஸ் சீற்றை வாளால் அறுக்க விடாதீர்கள். பழையதைக் கழற்றும்போது நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கட்டும்.