குறைபார்வை: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: குறைபார்வை என்றால் பார்வையே இல்லாததா?

இல்லை. கண்ணாடி, மருந்து, அறுவை எல்லாம் முடிந்த பிறகும் நல்ல கண்ணில் 6/18ஐ எட்டாத பார்வை, அல்லது எழுத்து தெரிந்தாலும் பார்வைப் பரப்பு, அதாவது கண்ணை அசைக்காமல் ஓர் இடத்தைப் பார்க்கும்போது சுற்றிலும் தெரிகிற அளவு, நேரே பார்க்கும் புள்ளியிலிருந்து 10 டிகிரிக்குள் சுருங்கிய நிலை. ஆனால் மிச்சமிருக்கிற பார்வையை வைத்து ஏதாவது வேலை செய்ய முடிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 1992 வரையறை இதுதான். 6/18 என்றால், மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். மிச்சமிருப்பது என்ற பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் கண்ணாடியின் பவர் மைனஸ் 7. நானும் இதில் சேர்த்தியா?

கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிறதா? அப்படியானால் அது கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டுத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: பெரியம்மா முகம் தெரியவில்லை என்கிறார், ஆனால் தரையில் கிடக்கும் சாவிக்கொத்தை மிதிக்காமல் தாண்டிப் போகிறார். நடிக்கிறாரோ?

அவரிடம் தயவுசெய்து அப்படிக் கேட்டுவிடாதீர்கள். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானால் நேரே பார்க்கும் இடம் மங்கும், ஓரம் தெரியும். பேசும்போது உங்கள் காதைப் பார்ப்பதுபோல முகத்தைச் சற்றுத் திருப்புகிறாரா பாருங்கள்; ஓரப்பார்வையில்தான் உங்களைப் பிடிக்கிறார். கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்புறம் கறுப்பு அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் வெட்டிக் கொடுங்கள், பக்கத்து வரிகள் மறைந்தால் பூதக்கண்ணாடியோடு படிப்பது எளிதாகும்.

கேள்வி: குறைப்பார்வை என்று ப் போட வேண்டாமா?

வினைத்தொகையாக எடுத்தால் வல்லினம் மிகாது. குறைகுடம் என்கிறோம் அல்லவா?

கேள்வி: அப்படியானால் குறைப்பிரசவம்?

நல்ல கேள்வி. அங்கே குறை பெயர்ச்சொல்லாக நிற்கிறது. அந்த வழியில் ப் போடுபவரைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வினைத்தொகையில் குறைந்த, குறைகிற, குறையும் என்று மூன்று காலமும் அடங்கும். ஒருவருக்குக் குறைந்து நின்றுவிடுகிறது, இன்னொருவருக்கு நாளுக்கு நாள் குறைகிறது. இரண்டு பேருக்கும் பொருந்தும் வடிவம் எனக்கு வேண்டும்.

கேள்வி: அரைக்குருடு என்பதும் அதே பொருள்தானே?

அது வசைச்சொல். வேண்டாம். குறைபார்வை உள்ளவர் என்று சொல்லுங்கள்.

கேள்வி: 45 வயதில் படிக்கும் கண்ணாடி ப்ளஸ் 2 பவர் வந்திருக்கிறது, குறைபார்வையா?

அது வெள்ளெழுத்து, வயதானால் கிட்டத்து எழுத்து மங்குவது. கண்ணாடி போட்டு அளக்க வேண்டும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கண்புரை?

அறுவைக்குப் பிறகு அளந்து பாருங்கள். மூன்றாவது தடவை சொல்கிறேன், சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்த பிறகுதான் இந்தச் சொல்லுக்கே வேலை.

கேள்வி: செல்போனில் எழுத்துப் பலகை பார்த்து நானே அளக்கலாமா?

அதில் பரப்பு தெரியாது. பலகையின் கடைசி வரி வரை படித்துவிட்டு, எழுந்ததும் காலருகே இருக்கும் நாற்காலியில் இடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் போய்ப் பரப்பையும் அளந்து தரச் சொல்லுங்கள்.