"திரும்பப் பழையபடி ஆனால் இயற்பியல் மாற்றம், ஆகாவிட்டால் வேதியியல் மாற்றம்": பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கலாமா?

நாளைக் காலை பிள்ளைக்குப் பரீட்சை, இப்போதுதான் புத்தகத்தைத் திறந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இதையே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், மார்க் வரும். ஆனால் இந்த வரி தப்பு, எனக்கு இதனால் போனது இரண்டு மார்க். அதனால்தான் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் தாத்தா கிளிஞ்சல் சுடும் காளவாய் வைத்திருந்தார். 100 கிலோ கிளிஞ்சல் போட்டால் 60 கிலோ சுண்ணாம்புகூடத் தேறாது. சூட்டில் கரியமில வாயு பிரிந்து போய்விடும், கணக்குப்படி மிஞ்சுவது 56 தான். தாத்தாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் எடை விஷயத்தில் வண்டிக்காரர் அவரை ஏமாற்றியதில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க, சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவோம். அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். தெறித்தால் கண் போய்விடும் என்று பிள்ளைகளைத் திண்ணையை விட்டு இறங்க விடமாட்டார்கள். ஆறியதும் வடிகட்டி, நீலமும் வஜ்ஜிரப் பசையும் கலந்து அடிப்பார்கள். ஈரத்தில் மங்கலாக இருக்கும் சுவர், காயக் காயப் பளிச்சென்று வெளுக்கும். அப்புறம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பழையபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். கிளிஞ்சலும் அதுதானே! இதைச் சொன்னது பாலிடெக்னிக் படித்த எங்கள் அத்தான்.

ஏழாம் வகுப்பில் சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றுவது என்ன மாற்றம் என்று கேட்டார்கள். வேதியியல் மாற்றம் என்று எழுதியதோடு விட்டிருக்கலாம். அத்தான் சொன்னதையும் சேர்த்து எழுதினேன். "திரும்பக் கிளிஞ்சல் ஆகுமென்றால் அது எப்படி வேதியியல் மாற்றம்?" என்று வாத்தியார் விடையை முழுசாக அடித்துவிட்டார். கூடவே 'அதிகப்பிரசங்கி' என்று பட்டமும்.

அரிசியை அரைத்த மாவு திரும்ப அரிசியாகுமா? ஆகாது, ஆனாலும் அது இயற்பியல் மாற்றம்தான். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறது, அது வேதியியல் மாற்றம். அதிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், மறுபடி மஞ்சளாகும். புதுப் பொருள் உண்டானதா என்று மட்டும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேதியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் பி.காம். உப்பு தண்ணீரில் கரைவதை எதில் சேர்ப்பது என்ற வம்புக்கெல்லாம் நான் வரவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்வதாகவும் நினைக்காதீர்கள், என் அம்மாவே டீச்சர்தான்.

சுண்ணாம்பு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் அவ்வளவாக இறங்காது என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஏதோ பெயிண்ட் என்று வீட்டுக்கு 4,000 ரூபாய் வசூலித்தார்கள், ஒரே மழைக்காலத்தில் தோல் தோலாக உரிந்துவிட்டது. கணக்கு கேட்டேன், அங்கேயும் அதே பட்டம்தான் கிடைத்தது.