ஈரச்சேலையோடு ஒரு நூலகத்துக்குள்

அன்புள்ள அக்கா,

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையில் கடலை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. இங்குள்ள கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் உள்ளூர் ஆட்களுமாகச் சேர்ந்து மூன்று லட்ச ரூபாய் வரை திரட்டியிருக்கிறோம். கட்டடத்துக்கு முப்பது வயது. கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஐப்பசி மழையில் ஒழுகுகிறது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பெரியவர்கள் சிலர் வாசலில் கிரானைட் வளைவும் உள்ளே ஏசியும் வேண்டும் என்கிறார்கள். இளைஞர்கள் டிஎன்பிஎஸ்சி வகுப்பு கேட்கிறார்கள். மாதம் ஒரு கூட்டமாவது நன்றாக நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிறு காலையில் வைத்த போன கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். கட்டடமா, நிகழ்ச்சியா, எதை முதலில் எடுப்பது? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் கூரை. அப்புறம் பெண்களுக்கான கழிப்பறை. வளைவு வேண்டவே வேண்டாம்.

கூரையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் கரையில் அது காத்திருக்காது. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அந்த இடத்துக்காக அது உள்ளிருந்து நெருக்கும்போதுதான் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்கிறது. கொத்தனார் வந்து, மேலே ஒரு பூச்சு பூசி வெள்ளையடித்தால் போதும் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பூச்சுக்குள் துரு வேலை பார்த்துக்கொண்டே இருக்கும், இரண்டு மழையில் மறுபடி உதிரும். அடியில் குழந்தைகள் உட்காரும் இடம் அது. பழுதுபட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைப் பளிச்சென்று தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகுதான் புதுக் கலவை வைக்க வேண்டும். கம்பி வெகுவாகக் கரைந்து மெலிந்திருந்தால் ஒட்டுப்போடுவது வீண். அதை ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

கழிப்பறைக்கோ தாழ்வாரத்துக்கோ புதிதாகக் கான்கிரீட் போட்டால், கம்பிக்கு மேல் எவ்வளவு கவரிங், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், விடுகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். உள்நாட்டு வழக்கத்தில் 20 மில்லிமீட்டர் விட்டு முடித்துவிடுவார்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, உப்புக் காற்று நேரே படும் இடத்துக்கு 45 மில்லிமீட்டரும் கடல் திவலை தெறிக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டரும் கேட்கிறது. இன்னொன்று தண்ணீர். நம் ஊர்க் கிணற்று உவர்நீரில் கலவை போட்டால் உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும். நல்ல தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் காசு வீண்செலவு இல்லை.

ஏசி விஷயத்தில் பெரியவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், வெயில் அப்படி. ஆனால் பகலில் குளிர வைத்து இரவில் அடைத்துப் பூட்டும் அறையில் ஈரம் தங்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். நமக்கு வேண்டியது எதிரெதிர் ஜன்னல்கள், நான்கு நல்ல மின்விசிறிகள். ரேக்குகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சுவர் ஈரத்தில்தான் ராமபாணப் பூச்சி குடியேறும். அதற்குப் பிடித்த சாப்பாடு அட்டை ஒட்டிய பசை.

சுத்தியலை எடுக்கும் முன் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து அனுமதி வாங்குங்கள். கட்டடம் நூலக ஆணைக்குழுவுடையதா, ஊராட்சியுடையதா, வாடகைக்கு எடுத்ததா என்பது முதலில் தெளிவாக வேண்டும். மூன்று லட்சம் முழுவதையும் நீங்களே செலவழிக்க வேண்டும் என்றும் இல்லை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். உங்கள் ஊராட்சி மூலம் கேட்டுப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி இருக்கிறது. கொல்கத்தாவில் ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை இருக்கிறது, நூலகக் கட்டடங்களுக்கு உதவுவதும் அதன் வேலைகளில் ஒன்று.

கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் மாகாணத்தில்தான் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருடம் பாடுபட்டதும், கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று நிறைவேற்றியதும் சேர்ந்து வந்த சட்டம் அது. அதனால்தான் இந்த வரி. ஓட்டு வீட்டில் இருப்பவரும் கட்டுகிறார், கருவாடு காயப்போடும் வீட்டிலும் கட்டுகிறார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைப்பது.

எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். மண்டபம் பக்கத்துத் தென்கடலில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு முங்குவார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி. கரைக்கு வந்து எடை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் நூலகம். சனிக்கிழமைகளில் நான் உள்ளே இருப்பேன். அம்மா வாசல் வேப்ப மரத்தடியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு நாளும் படி ஏறியதில்லை. ஒருமுறை, உள்ளே வாம்மா என்று கையைப் பிடித்து இழுத்தேன். "ஈரச்சேலையோட எப்படிடீ" என்றார். உள்ளே மேசை முழுக்க ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரைத் தடுக்கவில்லை. வரச் சொல்லவும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், நான் எடுத்துவரும் வாரப் பத்திரிகையை இரவு விளக்கடியில் வாய்விட்டுப் படித்தவர்.

நானும் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை. கழிப்பறை இல்லை, அவ்வளவுதான் காரணம். பையன்கள் சாயங்காலம் வரை படித்தார்கள். நான் பாதிக் கதையில் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அதனால்தான் கட்டடமா நிகழ்ச்சியா என்று நீங்கள் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கழிப்பறை, வாசலில் கால் கழுவ ஒரு குழாய், ஈரத்தோடு வந்தாலும் உட்காரலாம் என்கிற மாதிரி தாழ்வாரத்தில் ஒரு சிமெண்ட் திண்ணை. இவை வந்தால் உங்கள் கூட்டத்துக்கு ஆள் வரும். திண்ணைக்கு மேல் தகரம் போடாதீர்கள், நம் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். பனையோலைப் பந்தல் போதும். ஓலைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

ஒன்பது பேர் வந்ததற்கு ஞாயிறு காலையும் ஒரு காரணம். நம் கரையில் பாதிப் பேருக்கு அது பூசை நேரம், அடுப்பு நேரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, அன்று எப்படியும் நூலகத்துக்கு விடுமுறை. நாள்காட்டியைப் பார்க்காமல் கடலைப் பார்த்து நாள் குறியுங்கள். பாசிக்குப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் கடலில் இருப்பார்கள். இடைப்பட்ட நாள்களில், மதியச் சமையல் முடிந்த பிறகு, அவர்களுக்கு நேரம் உண்டு. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் மே மாதம் முழுக்கப் பள்ளி விடுமுறை. அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பது வருடத்தில் அப்போதுதான். உங்கள் பெரிய நிகழ்ச்சிகளையெல்லாம் அங்கே வையுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரத்தைச் சடங்குக்கு நடத்திக்கொள்ளலாம், அது வாடைக்காற்றும் மழையுமான காலம்.

பொன்னாடை போர்த்தும் கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கட்டும். தடைக்கால நிவாரணம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் உதவித்தொகைப் படிவம். அப்படி வரும் அக்காமார் கையில் திரும்பும்போது ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். வலை பின்னும் கொட்டகைக்கு யாராவது போய் அன்றைய பேப்பரைச் சத்தமாகப் படிக்கலாம். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நம்மிடம் மீன் கூடை கட்டிய டிவிஎஸ் 50 இருக்கிறது. கூடைக்குப் பதில் ஒரு மரப்பெட்டி வைத்தால் ஆயிற்று.

பிள்ளைகளுக்கு எனக்குள் ரொம்ப நாளாக ஓர் ஆசை. ஊரில் வயதான கடலோடிகளை வாரம் ஒருவராகக் கூட்டி வந்து, பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். கச்சான் காற்று எப்போது தொடங்கும், கொண்டல் காற்று வந்தால் எந்த மீன் ஏறும், சீலா மீனுக்கும் ஊளி மீனுக்கும் எந்த வலை, தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் இரவில் அவர்கள் எங்கே இருந்தார்கள். அந்த நோட்டுகளுக்கு அட்டை போட்டு, மற்றப் புத்தகங்களைப் போலவே பதிவேட்டில் எண் கொடுத்து அலமாரியில் வையுங்கள். தாத்தா சொன்னது நூலகத்தில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை ஊரெல்லாம் சொல்லும்.

டிஎன்பிஎஸ்சி படிக்கும் தம்பி தங்கைகள் கேட்பதும் நியாயம். வீட்டில் மேசை இல்லாதவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கு அமைதி வேண்டும், கதை நேரத்துக்குச் சத்தம் வேண்டும். கதையைத் திண்ணைக்கு மாற்றிவிட்டு உள்ளே மாலை நேரத்தை அவர்களுக்கு விடுங்கள். நூலகர் ஒருவரே என்பதால் கூடுதல் நேரத்துக்கு வாசகர் வட்டத்தில் முறை போட்டுத் துணைக்கு இருங்கள். அதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

கொத்து வேலை ஆவணிக்குள் முடிய வேண்டும், ஐப்பசியில் மழை இறங்கிவிடும். வேலை நடக்கும்போது புத்தகங்களை எங்கே வைப்பது என்று இப்போதே பள்ளியில் ஓர் அறை பேசி வையுங்கள்.

நிகழ்ச்சிக்கு வர முடியுமா என்று கேட்கவில்லை, ஆனாலும் வருகிறேன். உங்கள் ஊரில் பாசிக்குப் போகும் அக்காமாரிடம் எந்த நாள், எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டு எழுதுங்கள். அந்த நேரத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா